அடுத்தவர் படம், அடுத்தவர் பத்திரம்

எம். புதுப்பட்டி வட்டாரத்தில் மனை வாங்க நினைப்பவருக்கு முதல் தகவல் இன்று கைப்பேசி வழியாகத்தான் வருகிறது. ஒரு தரகர் இடத்துக்கே போய்ப் படம் எடுத்து, அளவு, விலை, பாதை எல்லாம் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அடுத்தவர் அதிலுள்ள பெயரையும் எண்ணையும் வெட்டிவிட்டுத் தன் எண்ணைச் சேர்க்கிறார். மூன்றாமவர் சென்ட்டுக்குச் சில ஆயிரம் ஏற்றுகிறார். நான்காமவர் கைக்கு வரும்போது ‘டிடிசிபிக்கு விண்ணப்பித்துள்ளது’ என்றிருந்த வரி ‘டிடிசிபி அப்ரூவ்டு’ ஆகிவிடுகிறது. ‘வடக்கே பட்டாசு ஆலை’ என்ற வரி எந்தக் கையில் உதிர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. இத்தனை பேரில் அந்த மண்ணை மிதித்தவர் முதல் ஆள் மட்டுமே.

ஒருவர் சொன்ன தகவலை இன்னொருவர் சொல்வதுதானே தரகுத் தொழில் என்று கேட்கலாம். ஓரளவுக்கு அது சரிதான். சர்வே எண், பரப்பு, விலை போன்ற விவரங்கள் யாருக்கும் தனிச் சொத்தல்ல. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பொதுத் தகவலைத் திரட்டிய உழைப்பு மட்டுமே பதிப்புரிமை தந்துவிடாது என்றது. ஆனால் புகைப்படமும், ஒருவர் தம் சொல்லில் எழுதிய வருணனையும் வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அவை ஆக்கியவருக்கு உரியவை. தெரிந்தே அனுமதியின்றி எடுத்தாள்வது தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்காவில் வீட்டுப் படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக சில்லோ என்ற பெரிய நிறுவனமே வி.எச்.டி. என்ற படப்பிடிப்பு நிறுவனத்திடம் 2017இல் வழக்கில் தோற்றது. படம் எடுத்தவரைக் கேட்டு, அவர் பெயரோடு பகிர்ந்து, கமிஷனில் உரிய பங்கைப் பேசிக்கொள்வதற்கு நம் ஊர்த் தரகர்களுக்கு என்ன தடை?

படத்தைவிடக் கவலை தருவது பத்திரம். ஒரு தரகரை நம்பி உரிமையாளர் கொடுத்த மூலப் பத்திரத்தின் நகலும், பட்டாவும், சில நேரம் ஆதார் நகலும்கூட முகம் தெரியாத குழுக்களில் சுற்றுகின்றன. ஆள்மாறாட்டப் பதிவுகள் பற்றிய புகார்கள் ஓயாத மாநிலம் இது. மோசடிக்காரருக்கு வேண்டிய தாள்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துத் தருகிறோம் என்பதைத் தரகர்கள் உணரவேண்டும். ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தனிநபர் விவரத்தை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்தவேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. சட்டம் வருமுன்பே இது நாணயத்தின் அடிப்படையாகவும் இருந்தது.

பட்டாசு ஆலைகள் உள்ள இந்த வட்டாரத்தில் விடுபட்ட ஒரு வரி உயிரையும் பறிக்கக்கூடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டி பட்டாசு ஆலை வெடி விபத்தில் மாண்டவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். உதவ ஓடி வந்தவர்களும் வேடிக்கை பார்க்க நின்றவர்களும் அதில் அடக்கம். 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்தில் நேர்ந்த பட்டாசு வெடி விபத்தை இப்பகுதி மறந்திருக்காது. வெடிமருந்து கையாளும் இடத்துக்கும் குடியிருப்புக்கும் இடையே குறிப்பிட்ட தூரம் விடவேண்டும் என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. அந்தத் தூரத்துக்குள் மனை போட்டு விற்றால், வாங்கியவர் ஆபத்தோடு குடியிருக்க நேரும். இல்லையேல் முன்பே இருந்த ஆலையின் உரிமம் கேள்விக்குள்ளாகும். இரண்டுமே அநியாயம். இரண்டிலும் கமிஷன் வாங்கிய தரகருக்கு மட்டும் இழப்பில்லை.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. 500 சதுர மீட்டருக்கு, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 12 சென்ட்டுக்கு, மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பெரும்பாலானவை பதிவு பெறவேண்டியவை. பதிவு செய்யாத திட்டத்தை விற்றுத் தரும் முகவருக்கும், பொய்யான தகவல் தரும் முகவருக்கும் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு. ‘எனக்கு வந்ததை அனுப்பினேன்’ என்ற சாக்குக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. ஒரு தகவலைத் தன் எண்ணோடு வெளியிட்ட கணமே அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தத் தரகரே பொறுப்பு என்பது எமது திடமான கருத்து. வில்லங்கச் சான்றும் பட்டாவும் இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கும் காலத்தில், பாராமல் பகிர்வதை அறியாமை என்று மன்னிக்க முடியாது.

விற்றுப்போன மனையின் விளம்பரம் மாதக்கணக்கில் சுற்றுவதும், அதை நம்பி வந்தவரிடம் வேறொரு மனையைத் தள்ளிவிடுவதும் இதே குற்றத்தின் மறுபக்கம்தான். உரிமையாளர் ‘விற்றாயிற்று’ என்று சொன்ன அன்றே தகவலைத் திரும்பப் பெறும் கடமை அதைப் பகிர்ந்த ஒவ்வொருவருக்கும் உண்டு. மனை விளம்பரம் வெளியிடும் ஏடுகள், எம்மையும் சேர்த்தே சொல்கிறோம், முகவரின் பதிவெண்ணைக் கேட்டு வாங்காமல் ஒரு வரியும் அச்சிடக்கூடாது.

மாவட்ட நிர்வாகமும் வாளாவிருக்கலாகாது. உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள், கிடங்குகளின் சர்வே எண்களை ஊராட்சி அலுவலகங்களிலும் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டவேண்டும். தரகர் விட்டுவிட்ட வரியை, பத்திரம் பதிய வந்த இடத்திலாவது மனை வாங்குபவர் படித்துக்கொள்ள அது ஒன்றே வழி. அடுத்த தீபாவளிக்கு முன் இதைச் செய்து முடிக்கலாம்.