"ஆஃப் என்றால் அணைந்துவிட்டது என்றுதானே, உஸ்தாத்?"

நண்பர்களே, நீண்ட நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த விஷயம் இது. சற்றே நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஓமானில் ஓர் அரசுப் பள்ளியில் சில ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பையன், பள்ளி முடித்ததும் ஒரு நிறுவனத்தின் பயிற்சி வேலைக்கு விண்ணப்பித்தான். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கிராமத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பிப் போயிருக்கிறான். வாசலில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி ஒட்டியிருந்தார்கள். இன்றைய நேர்காணல்கள் 'புட் ஆஃப்' செய்யப்பட்டுள்ளன என்று. படித்துவிட்டு ஊர் திரும்பிவிட்டான். இரண்டு நாள் கழித்து நேர்காணல் நடந்தது. மற்றவர்கள் போனார்கள். இவன் போகவில்லை.

பிறகு என்னிடம் வந்து கேட்டான்: "லைட் ஆஃப், ஏசி ஆஃப் என்கிறோம். ஆஃப் என்றால் அணைந்துவிட்டது, முடிந்துவிட்டது என்றுதானே, உஸ்தாத்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் 'புட் ஆஃப்' என்றால் 'அஜ்ஜல', அதாவது தள்ளிவைத்தான் என்று, என் தேர்வில் அவன் சரியாக எழுதியிருந்தான். முழு மதிப்பெண் போட்டவன் நான். இருநூறு ஃப்ரேசல் வெர்ப்களை அகர வரிசையில் அடுக்கி, எதிரே அரபிப் பொருளும் எழுதி, நகலெடுத்துக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொன்னவனும் நான்தான். அந்தப் பட்டியல் தேர்வு அறையில் அவனுக்கு உதவியது. வாசலில் நின்றபோது உதவவில்லை. அங்கே அவன் தன் மூளையைத்தான் நம்பினான். மூளை தர்க்கப்படி சரியாகவே வேலை செய்தது. தவறு நான் சொல்லிக்கொடுத்த முறையில்.

ஃப்ரேசல் வெர்ப் என்பது, ஒரு சாதாரண வினையோடு அப், ஆஃப், அவுட், ஆன் போன்ற சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் தருவது. 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'லுக் ஃபார்' தேடு; 'லுக் ஆஃப்டர்' பார்த்துக்கொள்; 'லுக் இன்டூ' விசாரி. இந்தப் பெயர் 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய ஒரு நூலின் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. தொல்லை அதைவிடப் பழையது. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இந்த வகைச் சேர்க்கைதான் வெளிநாட்டாருக்குப் பெரும் இடர்ப்பாடு என்றும், அதனால் இவற்றைக் கவனமாகக் குறித்திருப்பதாகவும் முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் நாம் என்ன செய்கிறோம்? "சின்னச் சின்ன எளிய சொற்களாகப் பேசினால் மாணவனுக்குப் புரியும்" என்று நினைத்துக்கொண்டு கெட், புட், டேக் என்று பேசுகிறோம். உண்மை நேர்மாறானது. நெருப்பை 'எக்ஸ்டிங்விஷ்' செய் என்றால் அரபி மாணவன் அகராதியைத் திறப்பான், ஒரே பொருள் இருக்கும், விஷயம் முடிந்தது. 'புட் அவுட்' என்று சொன்னால் 'வை' தெரியும், 'வெளியே' தெரியும். நெருப்பை எடுத்து வெளியே வைப்பதா என்று விழிப்பான். தெரியாத சொல்லாவது தெரியாது என்று நம்மை எச்சரிக்கும். தெரிந்த இரண்டு சொற்கள் சேர்ந்து ஏமாற்றும்போது எச்சரிக்கை கூடக் கிடையாது.

அரபியின் போக்கைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அவன் சிரமம் விளங்கும். அரபியில் வினை, வேரின் உள்ளேயே மாறுகிறது. 'கரஜ' என்றால் வெளியே போனான். அதே வேரிலிருந்து 'அக்ரஜ', வெளியே எடுத்தான். 'இஸ்தக்ரஜ', பிரித்தெடுத்தான். 'தகர்ரஜ', படித்துப் பட்டம் பெற்று வெளியேறினான். இவை அத்தனையும் ஒற்றைச் சொற்கள். ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு எல்லாமே திசையைத் தன்னுள் வைத்திருக்கும் தனி வினைகள். அதனால்தான் அரபி மாணவர்கள் 'கோ இன்' என்பதைவிட 'என்டர்' என்று எழுத விரும்புகிறார்கள். அதைப் பார்த்து "புத்தக ஆங்கிலம்" என்று சிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் சிரித்திருக்கிறேன்.

"அரபியில் இப்படிப்பட்ட வினைகளே இல்லை, அதனால் அவர்களுக்கு வராது" என்பது ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்ட வாக்கியம். அந்தப் பையன் வந்துபோன வாரத்தில் இதையே நானும் சொன்னேன். எதிரே பேரீச்சம்பழமும் கஹ்வாவுமாக உட்கார்ந்திருந்த சூடான் நாட்டு அரபி ஆசிரியர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "யார் சொன்னது இல்லையென்று?" என்றார்.

ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 'ரகிப ஃபீ' என்றால் ஒன்றை விரும்பினான். 'ரகிப அன்' என்றால் அதை வெறுத்து விலகினான். வினை ஒன்றுதான், பின்னால் வரும் சிறுசொல் பொருளைத் தலைகீழாக்கிவிட்டது. 'மால இலா', ஒன்றின் பக்கம் சாய்ந்தான். 'மால அன்', அதைவிட்டு விலகினான். 'பஹஸ அன்' தேடினான். 'பஹஸ ஃபீ' ஆராய்ந்தான். கடைசியாக எழுதியது என்னை நிமிர வைத்தது. நம் ஊர் முஸ்லிம் நண்பர்கள் சொல்லும் 'துஆ' என்ற சொல்லின் வினை 'தஆ'. 'தஆ லஹு' என்றால் அவனுக்காக வேண்டினான். 'தஆ அலைஹி' என்றால் அவனைச் சபித்தான்!

ஒரு சிறுசொல் மாறினால் ஆசி சாபமாகும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளிடம், "சிறுசொல் பொருளை மாற்றும் என்பது உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டு வகுப்பில் ஆங்கிலத்தைத் தொடாமல், கரும்பலகையில் 'ரகிப' என்று மட்டும் எழுதி, "இது விருப்பமா, வெறுப்பா?" என்று கேட்டேன். "பின்னால் என்ன வருகிறது என்று சொல்லுங்கள், உஸ்தாத்" என்று வகுப்பே கத்தியது. "அதையேதான் ஆங்கிலத்திலும் கேளுங்கள்" என்றேன். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

மீதிப் பாதியில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. அரபியில் அந்தச் சிறுசொல்லுக்குப் பின் ஒரு பெயரோ, ஒட்டிய பிரதிப்பெயரோ வந்தே தீரும். ஆங்கிலத்தில் 'விமானம் டுக் ஆஃப்' என்று வாக்கியம் அந்தரத்தில் நின்றுவிடும். "எதிலிருந்து ஆஃப்?" என்று அரபிக் காது காத்திருக்கும். இரண்டாவது, 'டர்ன் இட் ஆஃப்' என்று நடுவில் ஆளை உட்கார வைப்பது அரபிக்குப் பழக்கமில்லை. ஆகவே மாணவன் 'டர்ன் ஆஃப் இட்' என்று எழுதுவான். அவன் மொழியின்படி அது ஒழுங்கான வாக்கியம். மூன்றாவது, உச்சரிப்பு. 'டேக் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும். 'லுக் அட்' என்பதில் 'அட்' மேல் விழாது. இந்த மூன்றையும்தான் கற்பிக்க வேண்டும். நான் கொடுத்த பட்டியலில் மூன்றும் இல்லை.

ஆய்வுகளும் இதை ஒட்டியே பேசுகின்றன. 1985இல் டாகுட், லாஃபர் இருவரும் அரபியின் உறவுமொழியான ஹீப்ரு பேசும் மாணவர்களை ஆராய்ந்து, அவர்கள் ஃப்ரேசல் வெர்ப்பைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினையையே நாடுகிறார்கள் என்று காட்டினார்கள். தாய்மொழியில் அந்த அமைப்பு இல்லாததே காரணம் என்றார்கள். ஆனால் டச்சு மொழியில் அந்த அமைப்பு உண்டு. அப்படியிருந்தும் பொருள் மறைந்து நிற்கும் சிலவற்றை டச்சு மாணவர்களும் தவிர்த்ததை 1989இல் ஹுல்ஸ்டைன், மார்ச்சேனா ஆய்வு காட்டியது. ஆக, அமைப்பு மட்டும் தடையல்ல, பொருளும் தடை. 2007இல் கார்ட்னர், டேவிஸ் கணக்கெடுத்தபோது, அதிகம் வழங்கும் 100 ஃப்ரேசல் வெர்ப்களுக்கு மொத்தம் 559 பொருள்கள் தேறின. சராசரியாக ஒன்றுக்கு ஐந்துக்கு மேல்! என் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பொருள் எழுதியிருந்தேன்.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. 'தள்ளிப்போட்டார்கள்' என்றால் எதையோ தள்ளி எங்கேயோ போட்டார்கள் என்றா நாம் எடுத்துக்கொள்கிறோம்? 'எழுதிவிட்டேன்' என்றதும் எதை விட்டீர்கள் என்று யாராவது கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் தமிழ் கற்க வரும் வெளியூர்க்காரர் நியாயமாகவே அப்படித்தான் கேட்பார்.

சரி, என்ன செய்யலாம்? என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில், எண்ணிக்கையைக் குறையுங்கள். 2015இல் கார்னியே, ஷ்மிட் வெளியிட்ட தொகுப்பில் 150 ஃப்ரேசல் வெர்ப்கள், 288 பொருள்கள் மட்டுமே. ஒன்றுக்குச் சுமார் இரண்டு. ஒரு மாணவன் இரண்டு ஆண்டில் சுமக்கக்கூடிய சுமைதான்.

இரண்டாவது, சிறுசொல்லுக்கு ஒரு படம் கொடுங்கள். 'ஆஃப்' என்றால் அணைதல் என்று விடாமல், விலகுதல் என்று சொல்லுங்கள். அரபி 'அன்' போல. 'புட் ஆஃப்' என்றால் இன்றைய நாளிலிருந்து விலக்கி வைத்தார்கள். பொருள் இன்னும் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. 'ஈட் அப்', 'யூஸ் அப்' இரண்டிலும் 'அப்' என்பது முழுவதும் தீர்தல். 'கோ ஆன்', 'கேரி ஆன்' இரண்டிலும் 'ஆன்' என்பது தொடர்தல். எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. பொருந்தாதவற்றை வாக்கியத்தோடு தனியே சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாவது, ஒரே வினையின் குடும்பத்தை ஒரே நாளில் கொட்டாதீர்கள். புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட், புட் அப் நான்கையும் ஒரே பக்கத்தில் படித்தவன் நான்கையும் குழப்பிக்கொள்வான். அகர வரிசை அகராதிக்கு நல்லது, பாடத்துக்கு ஆகாது.

நான்காவது, புரிந்துகொள்வது முதலில், பேசுவது பிறகு. மாணவன் 'போஸ்ட்போன்' என்று எழுதினால் அது பிழையல்ல, நல்ல ஆங்கிலம். 'புட் ஆஃப்' என்று எழுதியே ஆக வேண்டும் என்று மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். வாசலில் ஒட்டியிருந்தால் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அது போதும்.

கடைசியாக ஒன்று, ஆசிரியர்களுக்கு அல்ல. பல நாட்டார் படிக்கும் இடத்தில் அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு என்றே உருவான எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலத்தில், ஃப்ரேசல் வெர்ப்பைத் தவிர்க்கச் சொல்லி விதியே இருக்கிறது. தவறாகப் புரிந்தால் உயிர் போகும் என்பதால் அந்தக் கவனம். வேலை போவதும் சின்ன விஷயமல்ல. அன்று அந்தத் தாளில் புதிய தேதியை ஓர் எண்ணாக எழுதியிருந்தால்கூட என் மாணவன் போயிருப்பான்.

அவன் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டான், நன்றாகத்தான் இருக்கிறான். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பட்டியலின் பிரதி ஒன்று இன்னும் என் பழைய பெட்டியில் கிடக்கிறது. வளைகுடா நாடுகளில் இப்போது ஆங்கிலம் கற்பிக்கும் நம் பிள்ளைகள் யாரிடமாவது அப்படி ஒரு பட்டியல் இருந்தால், நாளை வகுப்பில் அதைக் கொடுக்கும் முன் 'ரகிப' என்று கரும்பலகையில் எழுதி, மாணவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நடந்ததைக் கீழே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.