சாலை யாருக்கு? சாக்கடை யாருக்கு?

"ஏழைகளின் ஊட்டி" என்று ஏற்காட்டுக்கு ஒரு பட்டம் சூட்டியிருக்கிறார்கள். கேட்கச் சுவையான பட்டந்தான். ஆனால் அந்த ஏழை யார்? உதகமண்டலம் போய்வரப் பணம் போதாமல், சேலத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏரியில் படகு விட்டுத் திரும்புகிறானே, அவன்தான் பட்டம் சூட்டியவர்களின் கணக்கில் ஏழை! காப்பித் தோட்டத்தில் முதுகொடியப் பழம் பறிக்கும் பெண்ணும், மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி உயிரைப் பணயம் வைக்கும் ஆணும், சேர்வராயன் மலையைத் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் தாயகமாகக் கொண்ட மலையாளிப் பழங்குடி மக்களும் அந்தக் கணக்கில் இல்லை. பட்டத்தில் மட்டுமா இல்லை? எந்த ஊருக்குச் சாலை, எந்தத் தெருவுக்குச் சாக்கடை என்று முடிவு கட்டுகிற மேசையிலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை. நாம் இன்று பேச விழைவது அந்த நாற்காலியைப் பற்றித்தான்.

இது நேற்றுப் பிறந்த வழக்கம் அன்று. சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-ம் ஆண்டை ஒட்டி இம்மலையில் காப்பியைக் கொண்டுவந்து ஊன்றினார். காப்பி வந்தது, தோட்டம் வந்தது, பங்களா வந்தது, பங்களாவைத் தேடிப் பாதை வந்தது. மூட்டை இறங்கவும் துரை ஏறவும் எது தேவையோ அதுவே சாலை எனப்பட்டது. மலைச் சரிவுக்கு அப்பால் கேழ்வரகும் சாமையும் விதைத்துப் பிழைத்தவன், தன் ஊருக்குத் தன் காலாலேயே ஒற்றையடிப் பாதை போட்டுக்கொண்டான். துரை கப்பலேறிப் போனார். சாலை யாரைத் தேடிப் போகவேண்டும் என்று துரை வகுத்த கணக்கு மட்டும் கப்பலேறவில்லை.

மே மாதம் பிறந்ததும் பாருங்கள். கோடை விழா! மலர்க் கண்காட்சி! விழாவைச் சிறப்பாக நடத்தக் கலந்தாலோசனை! அமைச்சர் வரும் வழியில் தாருக்கு மேல் தார். தடுப்புச் சுவருக்கு வெள்ளை. சுற்றுலாவை நாம் வெறுப்பவர்கள் அல்லர். அதனால் கடைத் தெருவில் நாலு குடும்பம் அடுப்பெரிக்கிறது, எரியட்டும். நாம் கேட்பது வேறு. மலர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று ஆய்ந்து முடிவெடுக்கும் அதே ஊரில், கடைத் தெருவின் கழிவுநீர் எங்கே போய் விழுகிறது என்று கேட்க ஒரு குழு கூடியதா? அது ஏரியில் கலக்கிறது என்பது நெடுநாள் முறையீடு. ஏரியும் காடும் சேர்ந்து ஊருக்குப் பெயர் தந்தன என்பார்கள். அந்த ஏரி நிரம்பி வழிந்தால் கிளியூர் அருவி. மேலே குளிக்கிறவன் விட்ட அழுக்கைக் கீழே குளிக்கிறவன் தலையில் வாங்கிக்கொண்டு, "என்ன குளிர்ச்சி!" என்று வியக்கிறான். இதே சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடந்து வெளியேறும்போது எந்த நிறத்தில், எந்த மணத்தில் போகிறது என்பதைச் சேலத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆற்றின் பெயரில் மணியும் உண்டு, முத்தும் உண்டு!

சட்டம் என்ன சொல்கிறது? 1958-ம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் பஞ்சாயத்து யூனியன்களைப் படைத்தது. 1992-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73-வது திருத்தம், பதினோராவது அட்டவணை என்று ஒன்றை அரசியல் சட்டத்தில் சேர்த்தது. அதிலுள்ள 29 இனங்களில் சாலை, சிறுபாலம், குடிநீர், சுகாதாரம் எல்லாம் அடக்கம். 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கிராமச் சாலைகளை அமைப்பதும், அவற்றின் பாலங்களைப் பேணுவதும், வடிகால் வெட்டிக் கழிவுநீரை அகற்றுவதும் ஊராட்சியின் கடமை என்கிறது அதன் 110-வது பிரிவு. கவனியுங்கள், கடமை என்கிறது; கருணை என்று சொல்லவில்லை. யார் செய்யும் கடமை? மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் செய்யும் கடமை.

அந்த மன்றம் இருந்ததா?

2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்ற வழக்கில், தேர்தல் அறிவிக்கையை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. நல்லது, பிழையைத் திருத்தி உடனே தேர்தல் நடத்தியிருக்க வேண்டாமா? மூன்றாண்டுக்கு மேல் ஓடிற்று! 2019 டிசம்பர் இறுதியில்தான் சேலம் உள்ளிட்ட மாவட்டங்களின் கிராமப்புறம் வாக்குச் சாவடியைக் கண்டது. பழங்குடி மக்களுக்கு நியாயம் கேட்டுத் தொடுத்த வழக்கைச் சாக்காக்கி, பழங்குடி மக்களுக்கே மன்றம் இல்லாமல் செய்த சாமர்த்தியத்தை என்னென்பது! அன்று ஆண்டவர்கள் ஒரு கட்சியார். 2025 சனவரியில் மறுபடியும் பதவிக்காலம் முடிந்தது. அப்போது ஆண்டவர்கள் வேறு கட்சியார். ஐந்தாண்டு முடியுமுன்பே அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு கூறுகிறது. காரணங்கள் பல சொல்லப்பட்டன. முன்னவர் நட்டுவைத்த அதே நாற்காலியில் பின்னவரும் தனி அலுவலரை அமர்த்தினர்.

தனி அலுவலர் ஆட்சி என்றால் என்ன? ஒருவரே குழு. அவரே தலைவர், அவரே உறுப்பினர். முன்மொழிபவரும் அவரே, வழிமொழிபவரும் அவரே. எதிர்த்து ஒரு குரல் எழாததால் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறுகிறது! தனி மனிதர் மீது நமக்குப் பகையில்லை. நல்ல அலுவலர் இருக்கலாம். மழையில் நனைந்து மலையேறுபவரும் இருக்கலாம். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது மேலே இருப்பவருக்கு. அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்க மலையில் எவனுக்கும் வழியில்லை. மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று உண்டே என்பீர்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கினர், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களாக இருக்கவேண்டும். ஊராட்சியில் உறுப்பினர் இல்லாதபோது அந்த நான்கு பங்கு வானத்திலிருந்தா குதிக்கும்?

"மலைவாசிக்குப் பொறியியல் தெரியுமா? சாலை எங்கே போடுவது, கால்வாய் எங்கே வெட்டுவது என்று அவனிடம் கேட்டால் வேலை நடக்குமா?" என்று படித்தவர் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்களுக்கு மலைச் சாலையின் பாடத்தைச் சற்றே சொல்லிவைப்போம். மலைச் சாலையின் உயிர் தாரில் இல்லை. ஓரத்துக் கால்வாயில் இருக்கிறது. மேற்சரிவில் பெய்த மழையைச் சாலைக்கு மேலேயே தடுத்து, கால்வாயில் இறக்கி, சிறுபாலத்தின் வழியே இயற்கையான ஓடையில் சேர்க்க வேண்டும். சிறுபாலத்தின் வாய் சருகாலும் கல்லாலும் அடைபட்டால் நீர் சாலையின் அடியில் இறங்கும்; மண் ஊறும்; ஊறிய மண் கனத்து, பிடியிழந்து சரியும். 2024 நவம்பர் 30-ல் கரையைத் தொட்ட ஃபெஞ்சல் புயல், அடுத்த இரண்டொரு நாளில் சேர்வராயன் மலையில் கொட்டித் தீர்த்தபோது நடந்தது என்ன? மலைப்பாதையில் மண் சரிந்தது, பாறை உருண்டது, போக்குவரத்து நின்றது. அந்த நெடுஞ்சாலை ஊராட்சியின் பொறுப்பன்று, நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஆயினும் பாடம் ஒன்றுதான். எந்த ஓடை ஐப்பசியில் எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் பாறைக்குப் பின்னால் ஊற்று ஒளிந்திருக்கிறது, எந்த மேட்டை வெட்டினால் கீழ்வீட்டுக்குள் சேறு வரும் என்பதை அந்த ஊர்க் கிழவி அறிவாள். பொறியியலாளர் அளவு சங்கிலி பிடிக்குமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் அவருடைய பட்டம் ஒன்றும் பறிபோய்விடாது.

அடுத்த சாக்கு காடு. "சாலை போட நாங்கள் தயார், வனத்துறை அனுமதி இல்லை" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தின் பின்னே ஒளிந்துகொள்ளாத அதிகாரியும் இல்லை, அமைச்சரும் இல்லை.

இந்த வாக்கியத்துக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை அறிய, வடக்கே ஜவ்வாது மலைத் தொடருக்குப் போகவேண்டும். 2023 மே மாத இறுதியில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியில், அத்திமரத்துக்கொல்லை என்னும் மலைக் குடியிருப்பில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனை போய்ச் சேருமுன்பே உயிர் போயிற்று. பிரேதப் பரிசோதனை முடிந்து குழந்தையின் உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், மேற்கொண்டு சாலை இல்லாததால் பாதி வழியில் இறக்கிவிட்டது. மிச்சம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். பெற்ற தாய் பிள்ளையின் பிணத்தைக் கையில் சுமந்து நடந்தாள். செய்தி வந்தது, நாடு "ஐயோ" என்றது, அதிகாரிகள் ஏறி வந்தார்கள், வனத்துறை அனுமதி பெற்றுச் சாலை போடுவோம் என்றார்கள். அந்த அனுமதியைக் குழந்தை இறக்குமுன் கேட்க எந்தச் சட்டம் தடுத்தது?

சட்டம் தடுக்கவில்லை, வழியே காட்டியிருந்தது! 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைத் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை என 13 வகைப் பொதுப் பணிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்கலாம் என்கிறது அது. நிபந்தனை என்ன? ஒவ்வொரு பணிக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாயிருக்கவேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அவ்வளவே. ஒரு ஹெக்டேர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். நாலு மீட்டர் அகலத்தில் போட்டால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் சாலை! சேர்வராயன் மலையில் பிரதான சாலையிலிருந்து பல ஊர்களைப் பிரித்து வைத்திருப்பது இதைவிட நீண்ட தூரமா? சாலையோடு அதன் ஓரக் கால்வாய்க்கும் அந்த அகலத்திலேயே இடம் ஒதுக்கிக் கேட்கவேண்டும். இல்லையேல் முதல் மழையில் சாலை ஓடையாகும்.

ஆக, பூட்டின் சாவி கிராம சபையின் கையில் இருக்கிறது. அந்தக் கை எழுந்துவிடக் கூடாது என்பதில்தான் மேலிருப்பவர்களுக்கு எத்தனை அக்கறை! ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஒரு சதுர அடி நிலங்கூடத் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ம் ஆண்டுச் சட்டம் சேர்வராயன் மலையேறவில்லை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தொகுதி பழங்குடித் தொகுதி. நிலம் மட்டும் பழங்குடிப் பகுதி அன்று! 2013 டிசம்பர் 4-ல் அங்கு இடைத்தேர்தல் நடந்தபோது அமைச்சர் பெருமக்கள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். மலையும் அடிவாரமும் சேர்ந்த அத்தொகுதியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். வாக்குக் கேட்க வந்தபோது எந்த வனத்துறை அனுமதியும் குறுக்கே நிற்கவில்லை. பத்துக்கு ஒன்பது பேர் வரிசையில் நின்று சட்டமன்றத்துக்கு ஆளனுப்பத் தகுதி பெற்ற மக்கள், தங்கள் வாசலில் கால்வாய் எப்பக்கம் ஓடவேண்டும் என்று சொல்ல மட்டும் தகுதியற்றவர்களா?

எல்லையைத் தாண்டினால் கேரளம். 1996-ல் அங்கு மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. முதலில் கிராம சபை கூடித் தேவையைச் சொல்லிற்று. பிறகு பொறியியலாளர் மதிப்பீடு போட்டார். அங்கே குறைகளே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மக்களைக் கேட்டுச் செய்தால் வேலை கெடும் என்ற பூச்சாண்டி அங்கே பலிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறோம்.

"இங்கும் கிராம சபை கூடுகிறதே" என்று குறுக்கிடுவார்கள். கூடுகிறது. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை என்றும் ஆக்கினார்கள், வரவேற்கிறோம். ஆனால் பொருள் நிரல் மேலிருந்து அச்சாகி வருகிறது; வாசிக்கிறார்கள்; கையொப்பம் வாங்குகிறார்கள்; கலைகிறார்கள். ஊரார் கொண்டுவந்த தீர்மானம் பதிவேட்டில் ஏறிற்றா என்று எத்தனை பேர் திருப்பிப் பார்க்கிறோம்? இந்தக் கேள்வியை அதிகாரிகளிடம் மட்டும் கேட்பதில் பயனில்லை. மலைக் கிளைத் தோழர்களிடமும் கேட்கிறோம்.

சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாட்களில் அடுத்து எது வருகிறதோ, அதற்குப் பதினைந்து நாள் முன்பே ஊர் ஊராக நடக்கவேண்டும். தேர்தலை நடத்து என்ற முழக்கம் ஒருபுறம் ஓங்கட்டும்; அதுவரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. எந்த ஊருக்குச் சாலை, எத்தனை மீட்டர் நீளம், எந்த இடத்தில் சிறுபாலம், கழிவுநீர் எங்கே சேரவேண்டும் என்பதை ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் சொல்லச் சொல்ல, ஒரு தாளில் படமாக வரையுங்கள். வன உரிமைச் சட்டத்தின் விதிப்படி சபைக்கு உறுப்பினரில் பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும்; வந்தவரில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். தோட்டத்தில் அன்றைய கூலி போகுமே என்று தயங்குபவர்களிடம் முன்கூட்டியே பேசி அழைத்து வாருங்கள். தீர்மானத்தில் 3-வது பிரிவு, இரண்டாம் உட்பிரிவு என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதச் செய்யுங்கள். பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையொப்பம் இடுங்கள். நகல் ஒன்றை முத்திரையோடு வாங்கி, மாவட்ட வன அலுவலருக்கு ஒப்புகை பெறும் வகையில் தபாலில் அனுப்பிவையுங்கள். ஒப்புகை வந்த தேதியை ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டுங்கள்; எத்தனை நாள் மௌனம் காக்கிறார்கள் என்பதை மலையே எண்ணட்டும்.