குடுத்தமுங்க, போட்டாத்தானுங்க

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தப் பட்டறையில் யாருக்கு அடிபட்டாலும் முதலாளி முதலில் சொல்வது இதைத்தான்: “கண்ணாடி, கையுறை எல்லாம் குடுத்தமுங்க, போட்டாத்தானுங்க.” பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பீரோவைத் திறந்து காட்டுவார். பாலித்தீன் பை பிரிக்காமல் பத்திரமாக இருக்கும். என் சந்தேகம் வேறு. எதைக் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார்?

கையுறையையே எடுத்துக்கொள்வோம். வெல்டிங் அடிப்பவருக்கும் தகடு தூக்குபவருக்கும் அது கட்டாயம். டிரில்லிங் மெஷினிலோ லேத்திலோ நிற்பவர் அதைப் போடவே கூடாது. சுற்றும் பிட்டில் வெறும் விரல் உரசினால் தோல் கிழியும், ரத்தம் வரும். பெரும்பாலும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளலாம். கையுறையின் நூல் சிக்கினால் பிட் அதைச் சுற்றிக்கொண்டு கையையும் சேர்த்து இழுத்துவிடும். சுவிட்சைத் தேட நேரம் இருக்காது. தொளதொளச் சட்டை, கழுத்துத் துண்டு, மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஓடும் இயந்திரத்துக்குள் கைவைத்துப் பார்க்கிறவர் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 22-வது பிரிவிலேயே எழுதிவைத்திருந்தது.

அப்படியும் லேத்துக்காரர்கள் ஏன் கையுறை மாட்டுகிறார்கள்? கடைசலில் சுருள் சுருளாக வந்து விழும் இரும்பு கொதிக்கும். விளிம்பு கையை அறுக்கும். வெறுங்கையால் அள்ள முடியாது. அதற்கு வேண்டியது கையுறை இல்லை, மெஷினை நிறுத்திவிட்டு இழுக்க நீளமான கொக்கிக் கம்பி ஒன்று. கம்பிக்கா பஞ்சம் அந்தப் பட்டறையில்?

வெல்டிங் பக்கம் வந்தால் எனக்கு வெல்டரைவிட ஹெல்ப்பர் பையனைப் பார்த்துத்தான் பதைக்கும். வெல்டர் முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டு இருக்கும். இரண்டு சட்டத்தை நேராகப் பிடித்துக்கொண்டு குத்தவைத்திருக்கும் பையனுக்கு ஒன்றும் இருக்காது. “டேக் வைக்கறேன், கண்ண மூடிக்கடா” என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்புச் சாதனம். அவனும் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடுவான். சில தடவை முந்தும், சில தடவை பிந்தும். சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கவும் வேண்டும்.

அந்த ஒளியில் வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைப் பொசுக்குகிறது. கேடு என்னவென்றால், அப்போது வலிக்காது. குளித்து, சாப்பிட்டுப் படுத்தபிறகு நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டிய மாதிரி உறுத்தும், தண்ணீராகக் கொட்டும். வீட்டில் உருளைக்கிழங்கை நறுக்கி வைப்பார்கள்; தாய்ப்பால் கேட்டு அடுத்த வீட்டுக்கும் போவார்கள். ஒன்றிரண்டு நாளில் தானே ஆறிவிடுவதால் வைத்தியத்துக்குப் பெயர் கிடைக்கிறது, கண்ணாடியின் தேவை தெரியாமலே போகிறது.

அந்தத் தொழிற்சாலைச் சட்டத்தில் கண்ணைப் பற்றிய 35-வது பிரிவை இன்னொரு முறை படிக்கலாம். தகுந்த திரையோ கண்ணாடியோ தர வேண்டும் என்றது. அதில் முதலில் வருவது திரை. வேலை செய்பவருக்கு மட்டுமல்ல, மிக அருகே இருப்பவருக்கும் சேர்த்து. ஹெல்ப்பர் பையன் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறான். ஆனால் மின்சாரத்தில் ஓடும் பட்டறை என்றால் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலையாக இருந்தது. ஜாப் வொர்க் எடுத்து நாலைந்து பேரோடு ஓடுகிற பட்டறைகள் வெளியே நின்றன. 2020-ல் நிறைவேறி, 2025-ல் அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 10 என்பது 20 ஆகியிருக்கிறது.

கிரைண்டிங் பிடிப்பவர் கண்ணாடியைக் கழற்றுவதற்கும் காரணம் உண்டு. சிமென்ட் ஷீட் கூரை, சித்திரை வெயில், பீஸ் ரேட். வியர்வையில் கண்ணாடி மூடிக்கொண்டால் தகட்டில் போட்ட கோடு தெரியாது. கோடு தப்பினால் அந்தப் பீசுக்குக் காசில்லை. வீலை மூடியிருக்கும் கவரை வேறு, பெரிய வீல் மாட்ட இடிக்கிறதென்று என்றைக்கோ கழற்றி மூலையில் போட்டாயிற்று. பொறியைத் தடுக்க வேண்டிய இரும்புக் கவர் போனபிறகு மொத்தப் பொறுப்பும் அந்த பிளாஸ்டிக் கண்ணாடியின் தலையில். விபத்துத் தடுப்பு படித்தவர்கள் போடும் வரிசையில் உடம்பில் மாட்டுவது கடைசி. ஆபத்தையே நீக்கப் பார், முடியாவிட்டால் இயந்திரத்தில் தடுப்புப் போடு, வேலைமுறையை மாற்று, அதற்கும் தப்பி வருவதற்குத்தான் கண்ணாடியும் கையுறையும். நம் பட்டறைகளில் கடைசியில் இருப்பதே ஒரே ஏற்பாடாகிவிட்டது.

“போட்டாத்தானுங்க” என்ற சொல்லுக்குப் பண மதிப்பும் இருக்கிறது. 2025 வரை இருந்த 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் ஒரு கண் போனால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனதாகக் கணக்கிட்டது. கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. ஆனால் கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைத் தெரிந்தே, வேண்டுமென்றே ஒதுக்கியதால் வந்த காயம் என்றால் முதலாளி தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் மட்டும் இந்தச் சாக்கு செல்லாது என்றது. விரலும் ஒற்றைக் கண்ணும் பகுதி ஊனம், அங்கே செல்லும். பீரோவில் பிரிக்காமல் இருக்கும் பைக்கு அந்த மரியாதை சும்மா வரவில்லை.

கணபதியில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் பழைய தகட்டில் சக்கரம் வைத்து, தள்ளிக்கொண்டு போகிற மாதிரி வெல்டிங் வெளிச்சத்துக்கு ஒரு தடுப்பு அடித்திருக்கிறார். ஹெல்ப்பருக்கும் தலையில் மாட்டும் ஷீல்டு ஒன்று. இரண்டு கையும் சட்டத்தைப் பிடிக்க வேண்டுமே. முதல் வாரம் ஆட்கள் தடுப்பை ஓரமாகத் தள்ளிவிட்டார்களாம். திட்டுவதற்கு முன்னால் ஏன் என்று கேட்டிருக்கிறார். ஃபேன் காத்து வரலைங்ணா என்றிருக்கிறார்கள். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஃபேனைத் தடுப்புக்கு உள்பக்கம் மாற்றிவிட்டார்.