மாஞ்சியில் ஒரு விண்ணப்பம்

பிள்ளைச்சாவடியில், கடலரிப்புக்குத் தப்பி நிற்கும் தென்னைகளின் நிழலில் ஒரு முதியவர் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த மாலைப் பொழுதில், பக்கத்து வீட்டு வானொலியிலிருந்து மாஞ்சி ராகத்தில் ‘வருகலாமோ’ என்னும் கீர்த்தனம் மெல்ல எழுந்தபோது, நான் எந்தக் காரியமாக வந்தேன் என்பதையே மறந்து மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

கதை சொல்லும் பாட்டுகளில், அக்கீர்த்தனம் இடம்பெறும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைப்போல் என் ஹிருதயத்தை ஆட்கொண்டது வேறொன்றில்லை. அவர் பிறந்த நரிமணம் நாகப்பட்டினத்துக்கு அண்மையிலுள்ளது. நெடுங்காலம் வாசம் செய்த ஆனதாண்டவபுரம் மாயவரத்தை அடுத்தது. கோயிலுக்குள் நுழைய இடமின்றி வெளியே நின்ற நந்தனுக்காக நந்தி விலகிய திருப்புன்கூரோ அங்கிருந்து நடந்து போகிற தூரந்தான். ஆகவே அக்கதையின் சேறும் வரப்பும் அவர் ஏட்டில் படித்தவை அல்ல, அன்றாடம் மிதித்து நடந்தவை. அந்த நந்தனைச் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில் வேதியர் என்றொரு பண்ணை முதலாளியே கிடையாது. தில்லைக்குப் போக உத்தரவு கேட்டுக் கைகட்டி நிற்கும் ஆளையும், நாற்பது வேலி நிலத்தை விளைவித்து அறுத்துவிட்டுப் போ என்னும் ஆண்டையையும் நேருக்கு நேர் நிறுத்தியவர் பாரதியாரே. தஞ்சைச் சீமையின் பண்ணையாள் வாழ்வை அருகிருந்து பார்த்து மனம் நொந்த ஒருவருக்கன்றி அக்காட்சி தோன்றியிராது என்பது என் துணிபு.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கண வழுக்களைக் கருதி நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியவர், திண்ணையிலிருந்து பாரதியார் பாடக் கேட்டு உருகிப் பாயிரம் அளித்தார் என்பது உ.வே. சாமிநாதையர் வாயிலாக நாம் அறிந்த செய்தி. அந்நூல் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியதற்குத் துணை நின்றவரோ, காரைக்காலில் உத்தியோகம் பார்த்த சிசே என்னும் பிரெஞ்சுக்காரர்! பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த மண்ணில் பிறந்த எனக்கு, அவ்வாட்சியைப் பற்றிய நினைவுகளுள் இதைக் காட்டிலும் இனியது வேறில்லை.

நந்தன் தீயில் மூழ்கியெழுந்த பின்னரே சந்நிதியை அடைகிறான் என்ற முடிவை என் மனம் இன்றளவும் ஏற்கவில்லை. அதனாலேயே ‘வருகலாமோ’ என்னும் இந்த ஒரு கீர்த்தனத்திடம் திரும்பத் திரும்ப வருகிறேன். இதில் நெருப்பும் இல்லை, அற்புதமும் இல்லை; வெளியே நிற்பவனின் கேள்வி மாத்திரம் இருக்கிறது. கடைசி ஓகாரத்தைப் பாடகர் இழுத்து நிறுத்துகையில், குரல் உள்ளே ஓரடி வைத்துப் பின்வாங்குவதுபோல் இருக்கும்.

அன்று அந்த இடம் வந்தபோது முதியவரின் கை வலைக்கண்ணிலேயே நின்றது. பாட்டு ஓய்ந்து செய்தி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் ஊசி மறுபடியும் நகர்ந்தது.