மெயின் பாக்ஸில் இருக்கும் அந்தக் குட்டி பட்டன்... கடைசியாக எப்போது அழுத்தினீர்கள்?

"பாத்ரூம் பைப்பைத் தொட்டா லேசா சுருக்குங்குது. ஈரக் கையில்ல, அதான்" என்று அம்மா இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "செருப்பு போட்டுக்கிட்டுப் போ" என்று அப்பா அதற்கு ஒரு தீர்வும் சொல்லிவிட்டார். வாராவாரம் வீட்டுப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று எழுதும் நான், இதைக் காதில் வாங்கிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மெயின் பாக்ஸைத் திறந்து, பெரிய டிரிப்பரில் இருந்த டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன். 'டப்'பென்று லிவர் கீழே விழுந்து வீடே அணைந்திருக்க வேண்டும். ஃபேன் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

நாம் 'டிரிப்பர்' என்று பொதுவாகச் சொல்லும் பெட்டியில் இரண்டு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வரிசையாக இருக்கும் சின்னவை எம்.சி.பி. இவை வயரைக் காப்பாற்றுபவை. ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ, அளவுக்கு மீறி லோடு போனாலோ அணையும். அகலமாக, டெஸ்ட் பட்டனோடு இருப்பது ஆர்.சி.சி.பி. பழைய பெயரில் ஈ.எல்.சி.பி. இதுதான் ஆளைக் காப்பாற்றுவது.

16 ஆம்பியர் எம்.சி.பி இருக்கும்போது ஷாக் அடித்தால் அது அணையாதா என்று கேட்கலாம். அணையாது. 100 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, உடல் வழியே சில விநாடிகள் ஓடினாலே இதயத் துடிப்பு குலைந்துவிடலாம். எம்.சி.பி-க்கு அது ஒரு சின்ன டேபிள் ஃபேன் ஓடுவதுபோலத்தான் தெரியும். 'யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள்' என்று சும்மா இருந்துவிடும்.

ஆர்.சி.சி.பி செய்வது வேறு வேலை. பள்ளி வேனில் காலையில் 20 பிள்ளைகள் போனார்கள், சாயங்காலம் 20 பேரும் திரும்பினார்களா என்று எண்ணும் ஆயா மாதிரி. ஃபேஸ் வயரில் போகிற மின்சாரம் அப்படியே நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். இந்த இரண்டு வயர்களும் உள்ளே ஒரு வளையத்துக்குள் சேர்ந்து போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை, இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும். கொஞ்சம் மின்சாரம் பைப் வழியாகவோ, நம் உடம்பு வழியாகவோ தரைக்கு ஓடிவிட்டால் கணக்கு உதைக்கும். அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றியிருக்கும் சின்ன காயிலில் மின்சாரத்தை உண்டாக்கி, லிவரைத் தட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் போதும். ஒரு 9 வாட் எல்.இ.டி பல்பு இழுப்பதைவிடக் குறைவு. 0.3 விநாடிக்குள் அணைந்துவிடும். ஷாக்கே அடிக்காது என்று நினைக்க வேண்டாம். அடிக்கும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளாது.

எங்கள் வீட்டில் என்ன ஆனது? எலெக்ட்ரீஷியன் அண்ணா பெட்டியைக் கழற்றியவுடன், "தம்பி, இதுல கனெக்‌ஷனே இல்லையே" என்றார். ஆர்.சி.சி.பி-க்குள் போக வேண்டிய வயர்களை வெளியிலேயே சேர்த்து முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்கள் யாரையோ வைத்து பைபாஸ் செய்திருக்க வேண்டும். திருடனைப் பார்த்துக் குரைத்த நாயின் வாயைக் கட்டிப்போட்ட கதை.

திருடன் கீஸரில் இருந்தான். போர் தண்ணீரின் உப்பு படிந்து, ஹீட்டிங் காயிலின் மேல் உறை வெடித்து, மின்சாரம் தண்ணீரிலேயே கசிந்துகொண்டிருந்தது. அதை இழுத்துக்கொண்டு போக வேண்டிய எர்த் வயர், சாக்கெட்டுக்குள் பச்சை பூத்து, கழன்று நின்றது. மிச்சமிருந்த வழி அம்மாவின் கை. அண்ணா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

இன்வெர்ட்டர் வைத்த வீடுகளிலும் இந்த பைபாஸ் வேலை நடக்கிறது. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற லைனின் நியூட்ரலோடு கலந்துவிட்டால், ஒரு வழியாகப் போன மின்சாரம் வேறு வழியாகத் திரும்பும். ஆயாவின் எண்ணிக்கை தப்பாகி, காரணமே இல்லாமல் டிரிப் ஆகும். நியூட்ரலைப் பிரித்துப் போடுவதுதான் சரியான வேலை. அதற்கு நேரம் பிடிக்கும். வயரை முறுக்க ஐந்து நிமிடம்.

உங்கள் வீட்டில் அடிக்கடி விழுந்தால், எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு லிவரைத் தூக்குங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, அது ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் செருகிப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதுதான் ஆள். எதுவுமே செருகாதபோதும் விழுந்தால் கோளாறு வயரிங்கில். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பெட்டியின் மேல் 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 100, 300 என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க வைப்பது, ஆளுக்குப் போதாது. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் 30-ம் உதவாது. போனது திரும்பிவிடுவதால் கணக்கு சரியாக இருக்கும்.

டெஸ்ட் பட்டன் சின்னதாக ஒரு கசிவை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கிறது, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஒரு தடவை அழுத்துங்கள். விழுந்தால் தூக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். விழவில்லையென்றால் பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம்.

இப்போது மாதா மாதம் மளிகை லிஸ்ட் எழுதும் அன்று அம்மாவே அழுத்திவிடுகிறார். முன்கூட்டிச் சொல்வதில்லை. போன முறை அப்பா கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம்: ஃப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் தேங்கும் அந்த டிரே எதற்கு?