சின்னக் கட்டிதானே... வெட்டி எறிந்தால் போதுமா?

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள், பகவான் ரமணர் கடைசி நாள்களில் இருந்த சிறிய அறையை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அங்கேதான் அவர் மகாசமாதி அடைந்தார். அவர் உடலை வாட்டியது, இடது கையில் வந்த சார்கோமா என்ற புற்றுநோய்.

முழங்கை அருகே சின்ன முடிச்சாகத்தான் அது தெரிந்தது. யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1949 பிப்ரவரியில் ஆசிரம டாக்டர் அதை வெட்டி எடுத்தார். ஒரே மாதத்தில் இன்னும் பெரிதாக, வலியோடு திரும்பி வந்தது. புற்று என்று தெரிந்தது அப்போதுதான். சென்னையிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு ரமணர் சம்மதிக்கவில்லை. டிசம்பருக்குள் மொத்தம் நான்கு ஆபரேஷன், நடுவில் ரேடியம் சிகிச்சை. எதற்கும் அது அடங்கவில்லை.

அன்றைய டாக்டர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் வந்ததே 1954-ல்தான். தவிர, தோலுக்கடியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டி மாதிரி சாதுவானவை. எது பொல்லாதது என்று தொட்டுப் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பயாப்சிதான் வழி.

பயாப்சி எடுத்துவிட்டால் குழப்பம் தீர்ந்ததா? அதுவும் இல்லை. சதையை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஓரத்தில் மட்டும் கிள்ளி எடுத்திருந்தால் புற்று செல்லே சிக்காமல் போகலாம். சிக்கினாலும், சார்கோமாவும் சிலவகை மெலனோமாவும் நீண்ட செல்களாக ஒரே ஜாடையில் தெரியும். தனித்தனி புரதங்களைக் காட்டிக்கொடுக்கும் சிறப்புச் சாயங்கள் இப்போது உதவுகின்றன.

இதற்குத் தலைகீழான கதையும் உண்டு. நோடுலர் ஃபேசியைடிஸ் என்ற கட்டி, பெரும்பாலும் கையில்தான், கிடுகிடுவென வளரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சார்கோமா போலவே மிரட்டும். ஆனால் அது புற்றே அல்ல! மருத்துவ உலகம் அதை அடையாளம் கண்டு எழுதியது 1955-ல். கட்டி எத்தனை வாரமாக இருக்கிறது, முன்பு வெட்டிய இடத்திலேயே மறுபடி வந்ததா என்று ஆய்வகத்துக்கு எழுதி அனுப்பச் சொல்வது இதனால்தான்.

நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோதான் வரும். 14 கிலோமீட்டர் வெறுங்காலில் கிரிவலம் வருகிறவர் அங்கே ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்தால், முள் குத்தியது என்றுதானே நினைப்பார்? பாடகர் பாப் மார்லியின் கால் விரலில் வந்ததையும் முதலில் கால்பந்துக் காயம் என்றே நினைத்தார்கள். 1981-ல் அவர் இறந்தபோது வயது 36.

ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால், ஆய்வகத்தில் அந்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கலாம். பிளாக் பல வருடம் கெடாது. மறுபடி கத்தி வைக்காமலே வேறு ஊர் நிபுணர் அதைச் சீவிப் பார்த்துச் சொல்ல முடியும்.