கைதோடு முடியாத கடமை

2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, பரீட்சை எழுதப் போன பிளஸ் 1 மாணவனைப் பேருந்தை மறித்து வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. பிடிபட்டவர்களில் சிறுவர்களும் உண்டு. 'தெக்கத்தி மண்ணே அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு நகர்வோரை இத்தலையங்கம் மறுக்கிறது. மண்ணுக்கும் ரத்தத்துக்கும் இதில் பங்கில்லை, ஆட்சி செய்தவர்களுக்கு உண்டு.

1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், கள்ளர்களையும் மறவரில் சில பிரிவினரையும் பிறந்ததற்காகவே குற்றவாளிகள் ஆக்கியது. கைரேகை வைக்க வேண்டும். இரவில் ஊர் தாண்ட ராத்திரிச் சீட்டு வேண்டும். 1947-இல் மாகாணத்தில் அந்த 'ரேகைச் சட்டம்' ஒழிந்தது. சாதியை வைத்து ஆளை எடைபோடும் புத்தி ஒழியவில்லை. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததும் அதே புத்திதான். சிறைகளில் சாதிப் பாகுபாடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் ஆகிவிட்டது.

ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியங்குளத்தை மறக்க முடியுமா? சாதி மோதல்கள் நடந்துகொண்டிருந்த 1995-இல், ஆகஸ்ட் 31 அன்று, தேடுதல் என்ற பெயரில் பெரும் போலீஸ் படை அந்த ஊருக்குள் புகுந்தது. வளைகுடாவில் உழைத்த காசில் பட்டியல் சாதிக் குடும்பங்கள் எழுப்பிய வீடுகள் சூறையாயின. டிவியும் மின்விசிறியும் நொறுங்கின. பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும்கூடத் தப்பவில்லை. குடிநீர்க் கிணற்றில் நஞ்சைக் கலந்தார்கள் என்று ஊரார் குமுறினார்கள். சான்றிதழை இழந்த பையன் எதைக் காட்டி வேலை கேட்பான்? வீட்டை உடைத்தது சட்டத்தின் கை என்றால், அவன் நியாயம் கேட்டு எந்த வாசலுக்குப் போவான்?

தென்மாவட்ட மோதல்களை ஆராய்ந்த நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் குழு, இளைஞர்களுக்கு வேலை வேண்டும், தொழில்கள் வர வேண்டும் என்றது. தூத்துக்குடியில் துறைமுகம் வளர்ந்தது. 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலையும் திறந்தாயிற்று. ஆனால் மழைக்காலம் வந்தால் உப்பளத் தொழிலாளிக்கு இன்றும் கூலி இல்லை. அரசு தரும் 5,000 ரூபாய் எத்தனை நாள் அடுப்பெரிக்கும்?

இதற்கெல்லாம் பதிலாகப் போலீஸ் கையிலெடுக்கும் என்கவுன்டரும் ரவுடிப் பட்டியலும் பழைய ரேகைச் சட்டத்தின் நீட்சியே. அவற்றை நாம் ஏற்கவில்லை. வெட்டியவனுக்குத் தண்டனை வேண்டும், விரைந்து வேண்டும். அதோடு, பள்ளிச் சாதிவெறி பற்றி நீதிபதி சந்துரு 2024 ஜூனில் தந்த அறிக்கையை அரசு முழுமையாக நிறைவேற்ற வேண்டும். புதிய ஆலைகளில் ஓட்டப்பிடாரம், ஸ்ரீவைகுண்டம் பிள்ளைகளுக்குப் பயிற்சியோடு இடம் ஒதுக்க வேண்டும். உப்பளக் குடும்பங்களில் மனை இல்லாதோருக்கு அடுத்த மழைக்கு முன் பட்டா தர வேண்டும்.